ஒரு அளவு பெரிய இலக்கணப் புத்தகம்

துணிப்பையிலிருந்து எட்டாம் நம்பர் ஆங்கில இலக்கணப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "போட்டுப் பாரு" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு ரெடிமேட் கடையில் குழந்தைகள் பிரிவில் விற்பனைக்கு நின்றவர் அவர். பிள்ளை கடைக்குள் நுழையும்போதே தோளைப் பார்த்து அளவு சொல்லிவிடுவார். சட்டையை முதுகில் வைத்துப் பார்ப்பார், பிறகு அதைவிட ஒரு அளவு பெரியதாக எடுத்துத் தாயிடம் கொடுப்பார். வளருகிற பிள்ளை, அடுத்த வருஷத்துக்கும் ஆகும், அப்புறம் தம்பிக்கு ஆகும் என்று அவர் சொல்லும் கணக்கை மறுத்துப் பேசிய தாயை நான் பார்த்ததில்லை. எங்களுக்கு இலக்கணப் புத்தகம் வாங்க எர்ணாகுளத்துப் பழைய புத்தகக் கடைக்குப் போனபோதும் அவர் அதே கணக்கைத்தான் போட்டார். வயசுக்கு ஏழாம் வகுப்பு, அப்படியானால் எட்டு. தம்பிக்கு ஐந்து, அப்படியானால் ஆறு. நான் முடித்ததும் என்னுடையது அவனுக்கு.

இதை நான் சிரிப்புக் கதையாகப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கு வளைத்துப் பேசத் தெரியாது, அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஊரில் இருந்தபோது தம்பியை மட்டும் வேன் வந்து கூட்டிப்போகும் இங்கிலீஷ் ஸ்கூலில் போட்டார்கள். என்னைத் தெருவுக்குப் பின்னால் இருந்த அரசுப் பள்ளியில் போட்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, வேன் எங்கள் வாசலில் நின்று ஒரு பிள்ளையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனதே போதும். எனக்கு அது அப்போதே தெரியும். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

கொச்சிக்கு வந்ததும் ஒரு பள்ளியில் இரண்டு பேரையும் சேர்க்கப் போனோம். எங்களை உட்கார வைத்து ஏதேதோ எழுதச் சொன்னார்கள். மலையாளம் இருவருக்கும் தெரியாது, இங்கிலீஷ் தம்பிக்குக் கொஞ்சம் தெரியும், எனக்குத் தெரியாது. இரண்டு பேரையும் ஐந்தாம் வகுப்பில் போடலாம், ஒரே வகுப்பாக இருந்தால் பிள்ளைகளுக்கும் துணை என்று அங்கிருந்த தலைமையாசிரியை நல்ல விதமாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "அக்காளும் தம்பியும் ஒரே பெஞ்சுலயா? எம்மக ஆறு பாஸானவ" என்றார். எழுந்தார். எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கே வீட்டில் முடிவாகிவிட்டது. அம்மா பிளஸ் டூ படித்தவள், அவள் வீட்டில் சொல்லித் தருவாள், பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதிக்கொள்ளலாம். அக்காள் தம்பிக்குக் கீழேயோ சமமாகவோ உட்காரக் கூடாது. எங்கள் வீட்டுப் படிப்பு ஆரம்பித்ததே இந்த ஒரு காரணத்தால்தான்.

அப்படி வந்ததுதான் அந்த எட்டாம் நம்பர். முதல் பக்கத்தில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதே எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் தம்பி ஆறாம் நம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறியாவது வாசிக்கிறான், நான் எப்படிச் சொல்வது? புத்தகத்தின் கடைசியில் விடைகள் இருந்தன. அவற்றைப் பார்த்து எழுதினேன். அம்மாவும் அதே விடைகளைப் பார்த்துத்தான் திருத்தினாள். எல்லாம் சரியாக இருந்ததால் அவளுக்குச் சந்தோஷம். அப்பா கடையிலிருந்து வந்ததும் பாடத்தைக் காட்டச் சொல்வார். எழுத்து அழகாக இருக்கிறது என்பார். அவர் ஊரில் நான்காம் வகுப்போடு நின்றவர். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது சட்டைக் காலரில் ஒட்டியிருக்கும் அளவு எழுத்துகளும் எண்களும் மட்டுந்தான்.

ஒருநாள் அம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாயால் கேட்டாள். நான் விழித்தேன். தம்பி பதில் சொன்னான். அம்மா அவனை அடக்கிவிட்டு மறுபடி என்னிடம் கேட்டாள், மறுபடியும் அவன்தான் சொன்னான். அன்று அப்பா வந்ததும், "புத்தகம் இவளுக்குப் பெருசா இருக்குங்க" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். "வளர வளரச் சரியாயிரும்" என்றார் அப்பா. "சட்டையா வளர்றதுக்கு?" என்றாள் அம்மா. அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

கலூரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு டீச்சர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு இலக்கணப் புத்தகங்கள் கொடுப்பார். ஒன்றாம் நம்பரிலிருந்து வரிசையாக அவரிடம் இருக்கும். பிள்ளையை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்துத்தான் எந்த நம்பர் என்று சொல்வார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தில் பென்சிலால் மட்டும் எழுத வேண்டும். முடித்ததும் எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாகக் கொண்டுவந்தால் அதை வாங்கிக்கொண்டு அடுத்த நம்பரைத் தருவார். அப்படி எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் எழுதி அழித்த புத்தகங்கள் அவர் அலமாரியில் இருந்தன.

படகில் எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் கலூர் போனோம். அப்பா, நான், தம்பி. டீச்சர் எங்களுக்குத் தனித்தனியாகத் தாள் கொடுத்தார். நான் எழுதும்போது அப்பா என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வை அது. டீச்சர் திருத்தி முடித்தார். "மோனுக்கு நாலு" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மோளுக்கு ரெண்டு மதி" என்றார். மதி என்றால் போதும் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். தம்பி என் காதருகில் வந்து, "ஏக்கா, ரெண்டா?" என்றான். அவன் கேலியாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். அதுதான் இன்னும் வலித்தது. டீச்சர் ஒரு வழியும் சொன்னார். பலரும் செய்வதுதானாம், இரண்டு பேரையும் மூன்றாம் நம்பரில் சேர்த்தே உட்கார வைக்கலாம், அம்மாவுக்கும் ஒரே பாடம் நடத்தினால் போதும்.

நான் தரையைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். அப்பா இப்போது எழுந்து எங்கள் கையைப் பிடித்து இழுப்பார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. "நாலு ஒண்ணு குடுங்க டீச்சர். ரெண்டு ஒண்ணு குடுங்க" என்றார். பிறகு தம்பிக்கும் கேட்கும்படியாக, "ரெண்டு எனக்கு. எம்மவளுக்கு எட்டு வீட்டுல இருக்கு. அவ எனக்குச் சொல்லித் தருவா" என்றார்.

"சேட்டனுக்கோ?" என்றார் டீச்சர்.

"எனக்குத்தான்."

டீச்சர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு ஒன்றும் கேட்காமல் அலமாரியிலிருந்து இரண்டாம் நம்பரை எடுத்து அப்பாவின் கையிலேயே கொடுத்தார். படகில் திரும்பி வரும்போது தம்பி நாலாம் நம்பரைப் புரட்டிக்கொண்டு வந்தான். இரண்டாம் நம்பர் அப்பாவின் மடியில் இருந்தது. அப்பா சொன்னதைத் தம்பி முழுக்க நம்பிவிட்டான். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அக்காள் சொல்லித் தரப்போகிறாள், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

எனக்கும் அம்மாவுக்கும் வேறு மாதிரிப் புரிந்தது. அப்பா என் மானத்தைக் காப்பாற்றுகிறார். அப்பாவுக்குச் சொல்லித் தருகிறேன் என்ற பேரில் நான் இரண்டாம் நம்பரைப் படித்துக்கொள்ளலாம், தம்பிக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அம்மா இதைத் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்களிடம் ரகசியமாகச் சொன்னாள், ரகசியம் என்பதால் எல்லோருக்கும் தெரிந்தது. மகளுக்காகச் சின்னப் பிள்ளைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருகிறாரே, இப்படி ஒரு தகப்பன் யாருக்குக் கிடைப்பான் என்று பேசினார்கள். அப்பாவின் காதுக்கும் அது வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது எனக்குச் சேர வேண்டியது என்று நினைத்தேன். வேனில் ஏற்றாமல் விட்டதற்கு இப்போது வந்து உட்காருகிறார், உட்காரட்டும்.

கடை திறக்கும் முன் காலையில் வகுப்பு. அம்மா தம்பிக்கு உள்ளறையில் கணக்கு நடத்துவாள். நாங்கள் முன்னறையில் பாயில் உட்காருவோம். அப்பா குளித்துச் சட்டை போட்டு, கடைக்குப் போகிற மாதிரியே தலை சீவி வந்து உட்காருவார். பக்கத்தில் பால் கலக்காத கட்டன் சாயா இருக்கும், அதைக் குடிக்க மறந்துவிடுவார். எதிர்ச் சரக்குக் குடோனில் கதவைத் திறந்து மிளகாய் மூட்டைகளை உருட்ட ஆரம்பித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் தும்மல் வரும், அதோடு வகுப்பு முடியும். அவர் பென்சிலை அழுத்திப் பிடிப்பார், முனை ஒடியும். சீவித் தரச் சொல்லி என்னிடம் நீட்டுவார். ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அதை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்ப்பார். பிறகு ஏன் என்று கேட்பார். இங்கே இது ஏன் வருகிறது, அங்கே அது ஏன் வரவில்லை? எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? அதனால் நான் பகலில் உட்கார்ந்து அடுத்த பாடத்தையும் அதற்கடுத்த பாடத்தையும் முன்கூட்டியே படித்து வைத்துக்கொண்டேன். அப்படித்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. அவர் கேட்ட கேள்விகளால்தான் வந்தது.

நான் நல்ல வாத்தியாராக இல்லை. பொறுமை எனக்கு இன்றைக்கும் கிடையாது, அன்றைக்குச் சுத்தமாகக் கிடையாது. "நேத்தே சொன்னேன்லா, மண்டு" என்பேன். அவர் நடிக்கிறார் என்று நினைத்ததால் அப்படித் திட்டுவது விளையாட்டு மாதிரிதான் எனக்கு இருந்தது. எனக்காக வேண்டுமென்றே தப்பாக எழுதுகிறார், அதற்கு நானும் வேண்டுமென்றே கோபப்படுகிறேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நான் ஓயும்வரை காத்திருப்பார், பிறகு, "இப்பச் சொல்லு டீச்சர்" என்பார். ஒருமுறை அவர் கடையில் கூட வேலை செய்த ஆள் வீட்டுக்கு வந்திருந்தார், அவர் முன்னாலேயே மண்டு என்றேன். அந்த ஆள் சிரித்து, "இவரு இனிப் படிச்சுக் கலெக்டராகவா போறாரு?" என்றார். அப்பாவும் சிரித்தார். அவர் காது சிவந்திருந்ததைப் பார்த்தேன். குடோன் மிளகாய்தான் காரணம் என்று எண்ணிக்கொண்டேன்.

இன்னொரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேகமாக நடந்து வந்தார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பிள்ளையோடு கடைக்கு வந்தாளாம். முதலாளி உள்ளே இருந்தார், எப்போதும் அவர்தான் வந்து இங்கிலீஷ் பேசுவார். அன்று அவரைக் கூப்பிடாமல் அப்பாவே பேசிவிட்டார். இது சின்னது, அது பெரிது, இது உங்கள் மகனுக்குச் சரி என்று மூன்று வாக்கியம். அந்தப் பெண் புரிந்துகொண்டு அவர் சொன்ன சட்டையையே வாங்கிப் போனாள். அப்பா அந்த மூன்று வாக்கியத்தையும் எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். கையில் சட்டை இருப்பது போலப் பிடித்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மறுபடி மறுபடி சொன்னார். நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வேடிக்கை காட்டுகிறார் என்றுதான் நினைத்தோம். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அப்பா சோற்றில் கை வைத்தார். "சரியாத்தான சொன்னேன்?" என்று என்னை மட்டும் கேட்டார். "சரிதான்பா, சரிதான்" என்று நான் இன்னும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

பகலில் தனியாக நோட்டில் எழுதிப் படித்ததால் நான் இரண்டாம் நம்பரைச் சீக்கிரமே முடித்துவிட்டேன். அப்பா அப்போது பாதியில் இருந்தார். ஒரு காலையில் அவர் தலை சீவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். எனக்கு மனசு நிறைந்து இருந்தது. இனி இவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம், போதும் என்று தோன்றியது. அதைச் சொல்லப் போவதே ஒரு பரிசு கொடுப்பது மாதிரி இருந்தது எனக்கு.

"அப்பா, இனிமே நீங்க உக்கார வேண்டாம். எனக்கு வந்துட்டு" என்றேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். "அப்ப நாளைக்கு?" என்றார்.

"நாளைக்கும் வேண்டாம்பா. நான் மூணாம் நம்பர் போகப்போறேன்."

"சரி" என்றார். புத்தகத்தை மூடினார். மிளகாய் மூட்டை இன்னும் உருட்டவில்லை. வழக்கத்தைவிட வெகு சீக்கிரமாகவே கடைக்குக் கிளம்பிப் போனார்.

டீச்சரிடம் மாற்றிக்கொள்ளப் புத்தகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லவா? நானும் அம்மாவும் ரப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன்பாதி முழுக்க அப்பாவின் எழுத்து, அழுத்தி எழுதியதால் அழிப்பது சிரமமாக இருந்தது. அழித்த பிறகும் தாளில் பள்ளம் தெரிந்தது. பின்பாதியில் அவர் எழுதாததால் வேலை மிச்சம் என்று நான் சொன்னேன். இதை நான் மறக்கவில்லை. வேலை மிச்சம் என்று சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவேதான் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படகேறிப் போய்க் கலூரில் கொடுத்துவிட்டு, எனக்கு மூன்றாம் நம்பர் வாங்கி வந்தார். தன் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு என் புத்தகத்தை வாங்கி வந்தார். நாங்கள் யாரும் அப்படி யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வேகமாகப் போனேன். பத்தாம் வகுப்பை எழுதினேன், பிளஸ் டூவும் எழுதினேன். மட்டாஞ்சேரியிலேயே ஒரு மசாலா ஏற்றுமதி அலுவலகத்தில் கடிதப் பிரிவில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் இங்கிலீஷ் கடிதங்களை எழுதுவது நான்தான். எங்கே போனாலும் அப்பாவின் கதையைச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன். அலுவலகத்தில் சொன்னேன். மகளின் மானத்துக்காகத் தன்னைத் தாழ்த்திக்கொண்ட தகப்பன் என்று சொன்னால் கேட்பவர்கள் கண் கலங்கும். அப்பா பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். கதையை நான் மேலும் மெருகேற்றினேன். அவருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி நடித்தார் என்றுகூட ஒருமுறை சொன்னேன். அதைச் சொன்ன நாக்கை இப்போது என்ன செய்வது?

அம்மா போய்விட்டாள். அப்பா கடை வேலையை விட்டுவிட்டு என்னோடு இருக்கிறார். என் கணவர் வளைகுடாவில். எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தது பெண், இளையது பையன். சின்னவன் பேசும்போது திக்குவான். அவனைத் தினமும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லி வகுப்பே சிரித்தது என்று தெரிந்ததும் நான் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டேன். கேட்ட பதில் பிடிக்கவில்லை. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவின் மகள்தானே நான். அலுவலக வேலையைப் பாதி வீட்டிலிருந்தே செய்துகொண்டு பிள்ளைகளுக்கு நானே நடத்துகிறேன்.

போன மாதம் அவர்களுக்கு இலக்கணப் புத்தகம் வாங்க வேண்டியிருந்தது. கலூர் டீச்சர் இப்போது இல்லை. சோதனைத் தாளை அந்தப் புத்தகங்கள் விற்கும் வலைத்தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நான் இதில் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன், எனக்கு நடந்தது என் பிள்ளைகளுக்கு நடக்கக் கூடாது. மகளைத் தனியாக உட்கார வைத்தேன், மகனைத் தனியாக உட்கார வைத்தேன், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இருந்தேன். மகளுக்கு ஐந்து, மகனுக்கு மூன்று என்று வந்தது. போனில் இரண்டையும் தேர்ந்தெடுத்துவிட்டு ஆர்டரை முடிக்கப் போனேன்.

அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். "எனக்கு எது வரும்?" என்றார்.

கண்ணாடியைத்தான் கேட்கிறார், படிக்கும் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். அதையும் பார்த்து வாங்கலாம் என்றேன். "கண்ணாடி இல்லட்டி. புத்தகம். எனக்கு எந்த நம்பர் வரும்னு பாரு" என்றார்.

நான் சிரித்தேன். என் பிள்ளைகளும் சிரித்தார்கள். மகள், "தாத்தா, உங்களுக்கு எதுக்கு இங்கிலீஷ்?" என்றாள். அவர் எங்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. நான் போனைக் கீழே வைத்தேன்.

"அந்தப் புத்தகத்துல பாதியில நிப்பாட்டிட்டோம்லா" என்றார்.

"பாதியிலயா? முடிச்சுட்டோமேப்பா."

"நீ முடிச்சுட்ட."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு தகவலைச் சொல்கிற மாதிரி சொன்னார். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னேன், போகவில்லை. என் குரல் எனக்கே சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டது. அது எனக்காகத்தானே, தம்பி முன்னால் நான் தலை குனியக் கூடாது என்றுதானே டீச்சரிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்குந்தான்" என்றார். "எனக்குந்தான். ரெண்டும் சேந்துதான் இருந்துச்சு. கடையில சட்டைக்காலரைப் புரட்டிப் புரட்டிப் பாப்பேன், அளவு தெரியும், கூட என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. ஒருநாளாவது வாசிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? பிள்ளைக்காக உக்காருதாருன்னு தெருவே சொல்லுது, உங்கம்மா சொல்லுதா, நீ சொல்லுத. அத்தனை நல்ல பேரு வாங்கினதுக்கப்புறம் இல்ல, எனக்காகத்தான் உக்காந்தேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? வெக்கமா இருந்துச்சு."

நான் எத்தனை பேரிடம் அந்தக் கதையைச் சொன்னேன்! ஒவ்வொரு முறை சொன்னபோதும் அவர் வாயில் ஒரு பூட்டுப் போட்டேன். என்னை வேனில் ஏற்றவில்லை என்று இவ்வளவு வருஷம் குமுறிக்கொண்டிருந்தவள் நான். ஒருவருக்குப் படிப்பு மறுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. தெரிந்தேதான் இருந்தது. படிக்க ஆசைப்படுகிற ஆள் என்றால் சின்னதாக, என்னைப் போல இருக்கும் என்று எண்ணியிருந்தேன். சட்டை மாட்டி, தலை சீவி, தினமும் காலையில் என் முன்னால் வந்து உட்கார்ந்த ஆளை நான் பார்க்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஏக்கா, அது அப்பா புத்தகந்தான? அப்பா அன்னைக்கே சொன்னாருல்லா" என்றான். ஆமாம், எங்கள் வீட்டில் அதை நம்பிய ஒரே ஆள் அவன்தான். அவன் ஏமாந்துவிட்டான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று மத்தியானமே தாளை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டார். நான் சமையலறையில் நின்றுகொண்டு அவர் பென்சிலை அழுத்துகிற சத்தத்தைக் கேட்டேன். திருத்திப் பார்த்தேன். இரண்டாம் நம்பரில் பாதிவரை கற்றதெல்லாம் போய்விட்டது. ஒன்று. பேரனுக்கும் கீழே, ஒன்று. இரண்டு என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம் என்று சொன்னால் மகிழ்வார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதிக நேரம் நின்றிருக்க வேண்டும், சின்னவன் வந்து, "தா... தாத்தாவுக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.

"ஒண்ணு" என்றேன், அப்பாவைப் பார்த்து.

"ஒண்ணா. அப்ப ஒண்ணு வாங்கு" என்றார் அப்பா. அவர் முகம் கொஞ்சமும் வாடவில்லை. பேரன் பக்கம் திரும்பி, உனக்கு எது என்று கேட்டார், அவன் மூன்று என்றான், பெரிய ஆள்தான் என்று அவன் தலையைத் தட்டினார். நான் தனித்தனியாக உட்கார வைத்து, மறைத்து, பாதுகாத்த நம்பர்கள் ஒரே நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புத்தகம் வந்துவிட்டது. மாற்றிக்கொள்ளும் வழக்கம் இப்போது இல்லை, அதனால் பேனாவிலேயே எழுதலாம் என்று அவரிடம் சொன்னேன். காலையில் அலுவலக வேலை தொடங்கும் முன் அவருக்கு வகுப்பு. முதல் நாள் குளித்து, சட்டை போட்டு, தலை சீவி மேசைக்கு வந்தார். சீவுவதற்கு இப்போது அதிகம் இல்லை. நான் புத்தகத்தைத் திறந்தேன். அவர் தன் கையை அதன் மேல் வைத்து என்னை நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. எப்ப நிப்பாட்டணும்னு இந்தத் தடவை நான் சொல்லுதேன். நீ சொல்லக் கூடாது."

"சரிப்பா" என்றேன். அவர் கை புத்தகத்தை விட்டு நகரவில்லை. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்லும்வரை அது நகரவில்லை.